மாற்றுத்திறனாளிகள் உரிமைப் பணி: தமிழ்நாட்டில் புதிதாக வருபவர்களுக்கு

இந்த வேலைக்கு வந்த முதல் நாள் என் கையில் கொடுக்கப்பட்டது ஒரு நீள நோட்டும் பேனாவும்தான். கொடுத்தவர் எனக்கு மூத்தவர். சிறு வயதில் போலியோ வந்ததால் ஒரு காலில் காலிப்பர் மாட்டி நடப்பவர். எல்லோரையும்போல நானும் அவரை அக்கா என்றே கூப்பிடுவேன். ஒரு மாவட்ட அலுவலகத்தின் வராந்தாவில் கிடந்த பெஞ்சைக் காட்டி, "தம்பி, இன்னைக்கு யாருக்கும் உதவி பண்ணாதீங்க. வர்றவங்க என்ன கேட்டாங்க, உள்ளே என்ன சொன்னாங்க, அதை மட்டும் எழுதுங்க" என்றார்.

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலைப் படிப்பு) முடித்த சூட்டோடு ஊரைப் புரட்டிப்போட வந்தவனைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டாரே என்று எனக்கு உள்ளுக்குள் கடுப்பு. சாயங்காலம் நோட்டைத் திருப்பிப் பார்த்தால் ஒரே வரி பக்கத்துக்குப் பக்கம் வந்திருந்தது: "இன்னொரு பேப்பர் வேணும், எடுத்துக்கிட்டு வாங்க." அது என்ன பேப்பர் என்று எழுதிக் கொடுக்கப்பட்டவர் ஒருவர்கூட இல்லை. இரண்டு பஸ் மாறி வந்த ஒரு பெரியவருக்கு அது மூன்றாவது நடை. "நம்ம வேலை இதுதான். அந்தப் பேப்பரோட பேரை எழுத்துல வாங்குறது" என்றார் அக்கா.

அதனால் நீங்களும் அந்தப் பெஞ்சிலிருந்தே தொடங்குங்கள்.

முதல் வாரம்: பார்ப்பதும் கேட்பதும்

ஒரு நாள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். இன்னொரு நாள் அரசு மருத்துவமனையில் சான்றிதழுக்கான மருத்துவர் குழு உட்காரும் இடம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம். மூன்றையும் பார்த்துவிடுங்கள். யார் யாரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், கழிப்பறை எங்கே இருக்கிறது, காது கேளாதவரின் பெயரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்றெல்லாம் கவனியுங்கள். (பெரும்பாலும் சத்தமாகக் கூப்பிடுகிறார்கள். அவர் வரவில்லை என்று அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுகிறார்கள்.)

பேசும் முறையையும் அந்த வாரத்திலேயே பழகிக்கொள்ளலாம். "ஊனமுற்றோர்" என்று அரசாங்கத் தாள்களில் இருந்த சொல், மு. கருணாநிதி முதல்வராக இருந்தபோது "மாற்றுத்திறனாளி" என்று மாறியது. இந்தச் சொல்லும் பிடிக்காதவர்கள் இருக்கிறார்கள். "பார்வையற்றவன்னே சொல்லுங்க சார், அதுல என்ன" என்பார்கள். அவர் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறாரோ அப்படியே நீங்களும் சொல்லுங்கள். சக்கர நாற்காலி அவர் உடம்பில் ஒரு பாகம் மாதிரி, கேட்காமல் தொடக் கூடாது. பார்வையற்றவரின் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளட்டும். சைகை மொழிபெயர்ப்பாளர் உடன் இருந்தாலும், பேசும்போது காது கேளாதவரின் முகத்தைப் பாருங்கள். அறிவுசார் குறைபாடு உள்ள 30 வயதுக்காரரைப் "பாப்பா" என்று கொஞ்சாதீர்கள். கூட வந்த அம்மாவிடம் "இவருக்கு என்ன வேணும்?" என்று கேட்பதை அறவே விட்டுவிடுங்கள்.

இந்தக் கடைசி விஷயத்தில் நானே ஒரு முறை பெரிதாகச் சறுக்கியிருக்கிறேன். விபத்தில் இரண்டு கால்களும் செயலிழந்த ஓர் இளைஞர். அவருடைய அப்பாவிடம் பேசி, ஓடியாடி, கடன் வாங்கிக் கொடுத்து, வீட்டு வாசலிலேயே ஒரு பெட்டிக்கடை போட்டுத் தந்தோம். திறப்பு விழா அன்று எனக்கு ஒரே பெருமை. ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தபோது அவர் அமைதியாகச் சொன்னார்: "கடை நல்லாத்தான் சார் இருக்கு. நான் கேட்டது டைப்பிங் கிளாஸ்." எப்போது கேட்டார் என்று யோசித்தேன். முதல் நாள் கேட்டிருக்கிறார். நோட்டில் என் கையெழுத்திலேயே இருந்தது. நான் அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

சட்டம்: இந்த அளவுக்காவது தெரிந்திருக்க வேண்டும்

வக்கீல் அளவுக்குப் படிக்க வேண்டாம். ஆனால் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 கையில் இல்லாமல் வெளியே போகாதீர்கள். 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இதற்கு முன் இருந்த 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன, இதில் 21. ஆட்டிசம், தசைச்சிதைவு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, ஹீமோபீலியா, பார்க்கின்சன் நோய், அமில வீச்சில் பாதிக்கப்பட்டோர் என்று பட்டியல் நீள்கிறது. "இதெல்லாம் ஊனத்துல வராதுங்க" என்று கவுன்டரில் யாராவது சொன்னால், சண்டை போடாமல் சட்டத்தின் கடைசியில் இருக்கும் அட்டவணையைத் திறந்து காட்டுங்கள்.

சில பிரிவுகளைப் பென்சிலால் கோடிட்டு வையுங்கள். பிரிவு 3 சமத்துவம் பற்றியது. பிரிவு 20 படி, வேலையில் இருக்கும்போது குறைபாடு ஏற்பட்ட அரசு ஊழியரை வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ முடியாது. பிரிவு 31, அளவுகோல் குறைபாடு (அதாவது 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு) உள்ள 6 முதல் 18 வயது வரையான பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி. பிரிவு 32, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காடு இடம். பிரிவு 34, அரசு வேலையில் 4 விழுக்காடு. பிரிவு 92, பொது இடத்தில் வேண்டுமென்றே ஒருவரை இழிவுபடுத்தினால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை.

இதில் புதியவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது: 40 விழுக்காடு. இடஒதுக்கீடு போன்ற சில சலுகைகளுக்கு 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு வேண்டும் என்பது உண்மை. அதைப் பிடித்துக்கொண்டு, 40க்குக் கீழே இருந்தால் சட்டமே பொருந்தாது என்று அதிகாரிகளும் சொல்கிறார்கள், நம்மவர்களும் நம்பிவிடுகிறார்கள். அது தவறு. விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் இதைத் தெளிவாக்கியது. எழுதும்போது கை இறுகிக்கொள்ளும் பாதிப்பு உள்ள ஒரு தேர்வர், தான் சொல்வதை எழுத ஓர் ஆள் கேட்டார். 40 விழுக்காடு இல்லை என்று மறுத்தார்கள். அந்த அளவுகோலைக் காட்டி, ஒருவரின் தேவைக்கு ஏற்பச் செய்து தர வேண்டிய நியாயமான வசதியை மறுக்க முடியாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்வுக்கு எழுத ஆள் கேட்டு உங்களிடம் ஒரு மாணவி வந்தால், முதலில் எடுத்துக்காட்ட வேண்டியது இந்தத் தீர்ப்பைத்தான்.

இன்னும் இரண்டு சட்டங்கள். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999. பிள்ளைக்கு 18 வயது முடிந்ததும் பெற்றோர் தானாகவே சட்டப்படியான பாதுகாவலர் ஆகிவிட மாட்டார்கள் என்பது பல குடும்பங்களுக்கு வங்கியில் போய் நிற்கும்போதுதான் தெரிகிறது. கலெக்டர் தலைமையில் இருக்கும் உள்ளூர்க் குழுவுக்கு அதற்காக விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிக்கும் முன், பாதுகாவலர் உண்மையிலேயே தேவையா, எந்தெந்த முடிவுகளுக்குத் தேவை என்று அந்தப் பிள்ளையையும் உட்காரவைத்துப் பேசுங்கள். உதவியோடு முடிவெடுப்பது வேறு, முடிவையே இன்னொருவர் கையில் கொடுப்பது வேறு.

மற்றது மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. மாற்றுத்திறனாளி என்றதும் நம் மனதில் சக்கர நாற்காலிதான் வருகிறது. ஏர்வாடி வருவதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். மனநோய் உள்ளவரை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017 சட்டம் சொல்கிறது. ஆனாலும் களத்துக்குப் போனால், வீட்டுத் திண்ணைத் தூணில் கட்டியிருப்பதை நீங்கள் பார்க்க நேரலாம். அந்தக் குடும்பத்தைத் திட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். மாவட்ட மனநலத் திட்டத்தில் மருந்து கிடைக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவே மாட்டார்கள்.

முதல் கேஸ்: அடையாள அட்டை

பத்தில் எட்டு முறை உங்களிடம் முதலில் வருவது இதுதான். யுடிஐடி எனப்படும் தனித்துவ அடையாள அட்டை நாடு முழுவதும் செல்லும். இதற்கான ஸ்வாவ்லம்பன் என்ற அரசு இணையதளத்தில் விண்ணப்பித்து, மருத்துவப் பரிசோதனைக்குப் போய், சான்றிதழும் அட்டையும் வாங்குவது என்று படிக்கச் சுலபமாகத்தான் இருக்கும்.

சிக்கல் எங்கே என்றால், பெயரில். நமக்குத்தான் இனிஷியல் இருக்கிறதே. ரேஷன் கார்டில் "மா. செல்வி", ஆதாரில் "செல்வி மாரியப்பன்", பள்ளிச் சான்றிதழில் "எம். செல்வி", வங்கியில் கணவர் பெயரோடு. நான்கும் ஒருவர்தான் என்று நமக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதனால் விண்ணப்பத்தில் கை வைப்பதற்கு முன், எல்லா ஆவணங்களையும் தரையில் பரப்பி, பெயர், பிறந்த தேதி, முகவரி மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். திருத்த வேண்டியதை ஆதாரிலிருந்து தொடங்குங்கள். இதற்கு ஒரு முழு நாள் போகும், போகட்டும்.

பரிசோதனைக்குப் போகும்போது பழைய மருத்துவச் சீட்டுகள், எக்ஸ்ரே, ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் தேதி வரிசையில் இருக்கட்டும். விழுக்காட்டைக் குறைத்துப் போட்டுவிட்டார்கள் என்று தோன்றினால் வாசலில் கத்திப் பயனில்லை. பிரிவு 59 படி மேல்முறையீடு செய்யலாம். கொஞ்சம் காலத்துக்கு மட்டும் செல்லும் தற்காலிகச் சான்றிதழ் கொடுத்திருந்தால், முடியும் தேதியை உங்கள் நோட்டில் குறித்துவையுங்கள். அந்தத் தேதியைத் தவறவிட்டுத்தான் பலருக்கு உதவித்தொகை நின்றுபோகிறது.

மனு எழுதுவது

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி. ஊர்வலம், கருத்தரங்கம், டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தின விழா எல்லாம் வேண்டியதுதான். ஆனால் மறுநாள் காலையில் கோப்பை நகர்த்துவது மனு.

புதிதாக வருபவர்கள் எழுதும் மனு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், நானும் எழுதியிருக்கிறேன். "கருணை உள்ளம் கொண்ட ஐயா அவர்களுக்கு" என்று தொடங்கி, குடும்பக் கஷ்டம் ஒரு பக்கம், வீடு, வண்டி, பென்ஷன், மகளுக்கு வேலை என்று நான்கு கோரிக்கை, கடைசியில் "ஆவன செய்ய வேண்டுகிறேன்". இந்த மனு நான்கு துறைகளுக்குப் போக வேண்டியது. அதனால் ஒன்றுக்கும் போகாது.

ஒரு மனுவில் ஒரு கோரிக்கை. கருணை வேண்டாம். இப்படி எழுதிப் பாருங்கள்:

"பொருள்: பராமரிப்பு உதவித்தொகை கோரிய மனு மீது நடவடிக்கை வேண்டுதல் தொடர்பாக.
பார்வை: தங்கள் அலுவலகத்தில் நான் அளித்த மனு, தேதி, ஒப்புகை எண்.
நான் 80 விழுக்காடு கை, கால் இயக்கக் குறைபாடு உடையவன். பார்வையில் காணும் மனுவுக்கு இதுவரை பதில் வரவில்லை. உதவித்தொகை வழங்க உத்தரவிடுமாறும், ஆவணம் எதுவும் குறைவாக இருப்பின் அது எது என்பதை எழுத்து மூலம் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்."

அவ்வளவுதான். அந்தக் கடைசி வரி, வராந்தாப் பெஞ்சில் நான் கற்றது. அதை எழுதினால் "இன்னொரு பேப்பர்" என்ற பேச்சு பாதியாகக் குறையும்.

கையெழுத்தோ கைரேகையோ அவருடையதாக இருக்க வேண்டும், உங்களுடையதாக அல்ல. மனுவை அவருக்குப் படித்துக் காட்டி, புரிந்ததா என்று கேட்டு, பிறகு வாங்குங்கள். இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள். "வெச்சிட்டுப் போங்க, பார்த்துக்கலாம்" என்றால் சிரித்துக்கொண்டே அங்கேயே நில்லுங்கள். முத்திரை போட மாட்டேன் என்றால் ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள்.

பதில் வராவிட்டால் அடுத்த படி தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. வெள்ளைத்தாளில், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, "இந்தத் தேதியில் அளித்த மனு இப்போது எந்த அலுவலரிடம் இருக்கிறது, அதன் மீது எடுத்த நடவடிக்கையின் நகல் தருக" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பல கோப்புகள் இந்தக் கேள்விக்கே நகர்ந்துவிடும், பதில் வருவதற்கு முன்பாகவே.

அதற்கும் அசையாவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்டு வாங்கவும் சிவில் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் அவருக்கு உண்டு. அவர் பரிந்துரை அனுப்பினால், எடுத்த நடவடிக்கையைச் சம்பந்தப்பட்ட அலுவலகம் 3 மாதத்துக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். ஏற்க முடியாது என்றால் காரணம் சொல்ல வேண்டும். கோர்ட்டுக்குப் போவதாக இருந்தால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மாற்றுத்திறனாளிகளுக்கு இலவசமாக வக்கீல் கிடைப்பார்.

டேப் ஒன்று வாங்குங்கள்

ஒரு பள்ளியில் சாய்தளம் கட்டியாயிற்று என்று தலைமை ஆசிரியர் ஆசையாகக் கூப்பிட்டுக் காட்டினார். போய்ப் பார்த்தால் அது சறுக்குமரம். அக்கா தன் பையிலிருந்து டேப்பை எடுத்தார். வாசலில் மூன்று படி, ஒவ்வொன்றும் அரையடி, ஆக மொத்தம் ஒன்றரை அடி உயரம். ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது கணக்கு. 18 அடி இருக்க வேண்டிய சாய்தளம் 6 அடிதான் இருந்தது. "சார், நீங்க ஒரு தடவை இந்த நாற்காலியில உட்கார்ந்து ஏறிப் பாருங்களேன்" என்று அக்கா கேட்டதும் அவர் வேர்த்துவிட்டார். நல்ல மனிதர், அடுத்த விடுமுறையில் இடித்துக் கட்டினார். அவருக்கு யாரும் கணக்குச் சொல்லவில்லை, அதுதான் விஷயம்.

கதவு அகலம் 90 சென்டிமீட்டர் இருக்கிறதா, கழிப்பறைக்குள் சக்கர நாற்காலி திரும்புமா, சாய்தளத்தின் இரண்டு பக்கமும் கைப்பிடி உண்டா என்று அளந்து, படம் எடுத்து, மனுவோடு சேருங்கள். 2024 நவம்பரில் ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் வழிகாட்டுதலாக இருந்தால் போதாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. அதை மனுவில் ஒரு வரியாகச் சேர்க்கலாம்.

முன்னால் போனவர்கள்

தனியாளாக எதையும் செய்யாதீர்கள். இந்தப் பாதையைப் போட்டவர்களில் பலர் தாங்களே மாற்றுத்திறனாளிகள். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணனைத் தெரிந்துகொள்ளுங்கள். 1975இல் கடற்படை அதிகாரி தேர்வில் நடந்த விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 1981இல் சொந்த ஊரிலேயே மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார், 2020இல் பத்மஸ்ரீ. டெல்லியில் ஜாவேத் அபிதி (1965–2018), சக்கர நாற்காலியில் இருந்தபடியே 1995ஆம் ஆண்டுச் சட்டத்துக்காகப் போராடியவர். விமானத்தில் ஏற ஆட்கள் தூக்கிச் செல்ல வேண்டியிருந்த நிலைமையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். "நாங்கள் இல்லாமல் எங்களைப் பற்றி எதுவும் வேண்டாம்" என்ற முழக்கம் உலகெங்கும் இவர்களைப் போன்றவர்கள் எழுப்பியதுதான்.

அதன் நீட்சியாகவே நான் பார்ப்பது, 2025இல் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தங்களை. உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க அவை வழி செய்கின்றன. உங்கள் ஊராட்சியில் அப்படி ஒருவர் இருந்தால், அவரை முதலில் போய்ப் பாருங்கள்.

உள்ளூர்ச் சங்கக் கூட்டங்களுக்கும் போங்கள். அங்கே யார் பேசுகிறார்கள் என்பதோடு, யார் வரவேயில்லை என்றும் பாருங்கள். பெரும்பாலும் கால் பாதிப்பு உள்ள ஆண்கள்தான் மைக்கைப் பிடித்திருப்பார்கள். பெண்கள், காது கேளாதவர்கள், மனநோயிலிருந்து மீண்டவர்கள் கடைசி வரிசையில் இருப்பார்கள், இல்லையென்றால் வீட்டில்.

உங்கள் கதை

சம்பளம் குறைவு, அலைச்சல் அதிகம். குடும்பத்தில் கேட்பார்கள், பதில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். யாருக்காகவும் உங்கள் சொந்தக் கணக்கில் பணம் வசூலிக்காதீர்கள், ஒரு ரூபாய்கூட. மூன்று சக்கர வண்டி கொடுக்கும்போது பத்துப் பேர் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்தப் போட்டோவில் நீங்கள் நிற்காதீர்கள். (எனக்கு அந்தப் போட்டோவைக் கண்டாலே ஆகாது. வண்டியில் இருப்பவரைத் தவிர எல்லோரும் கேமராவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.) ஒருவர் உங்களிடம் சொன்ன நோயையும் வீட்டுச் சண்டையையும் இன்னொரு வீட்டில் உதாரணமாகச் சொல்லாதீர்கள், ஊர் சின்னது.

கொஞ்சம் இந்தியச் சைகை மொழி கற்றுக்கொள்ள முடிந்தால் நல்லது. "வணக்கம், உட்காருங்கள், தண்ணீர், நாளை, கையெழுத்து" தெரிந்தால்கூட எதிரில் இருப்பவர் முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

அப்புறம், திங்கட்கிழமைப் பை. நீள நோட்டு, இரண்டு பேனா, வெள்ளைத்தாள், பசை, கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், சட்டப் புத்தகம், டேப், தண்ணீர் பாட்டில். கைரேகைக்கு இங்க் பேடு, கூடவே விரலைத் துடைக்க ஒரு ஈரத்துணி. இதை யாரும் கொண்டுபோவதில்லை, வந்தவர் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொள்கிறார். கூட்டம் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே போய்விடுங்கள். சாய்தளம் எந்த வாசலில் இருக்கிறது, அந்தக் கேட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிக்க அந்த நேரம் வேண்டும்.